கையை விட்டால் பறக்கும்

வானொலி நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பாட்டு முடிந்துவிட்டது, அடுத்த பாட்டு தொடங்கவில்லை, ஒலிவாங்கியும் திறக்கவில்லை. மூன்று விநாடி எதுவும் கேட்கவில்லை என்றால் வயிற்றைக் கலக்கும். காரில் கேட்டுக்கொண்டிருப்பவர் அந்த மூன்று விநாடிக்குள் வேறு நிலையத்துக்குத் தாவிவிடுவார். அதனால் எந்த இடைவெளி வந்தாலும் பேசி நிரப்பிவிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக என் பிழைப்பு அதுதான்.

அப்படிப்பட்ட நான் இப்போது சனிக்கிழமை காலைகளில் ஒரு புல் திடலில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் பதினோரு வயது மகன், கழுத்தில் மாட்டிய ரிமோட்டோடு. தலைக்கு மேலே முக்கால் கிலோ எடையுள்ள நுரை விமானம் ஒன்று வட்டமடிக்கிறது. அதில் மின்மோட்டார், பேட்டரி, இரண்டு மூன்று கம்பிகள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அது செய்த வேலை பெரியது.

பிறந்தநாள் பரிசு

எங்கள் வீடு சுபாங் ஜெயாவில். சுபாங் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் பால்கனியிலிருந்து தெரியும். சத்தத்தை வைத்தே இது காற்றாடி வைத்தது, இது ஜெட் என்று என் மகன் சொல்வான். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, பறக்கிற ஏதாவது ஒன்று என்றான்.

டிரோன் வாங்கிவிடலாம் என்றுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டையும் எடுத்துக் காட்டினார். "டிரோன்ல கையை எடுத்தா அப்படியே அந்தரத்துல நிக்கும். விமானம் நிக்காது. ஓடிக்கிட்டே இருந்தாத்தான் பறக்கும்" என்றார். மகன் யோசிக்காமல் விமானத்தைக் காட்டினான். ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து எழுநூறு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆனது.

தொடக்கநிலை விமானங்கள் பெரும்பாலும் ஒரே ஜாடையில் இருக்கும். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இறக்கை உடலின் மேல்பக்கத்தில் இருக்கும். நடுவிலிருந்து இரு பக்கமும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு அழகுக்காக இல்லை. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், அதைத் தானாகவே நிமிர்த்துவது அந்த வளைவுதான். இதை நான் புரிந்துகொள்ள மூன்று வாரமும் ஒரு மூக்கும் செலவாயின். மூக்கு என்றால் விமானத்தின் மூக்கு.

எங்கே பறக்கவிடுவது?

வாங்கிய அன்றே தாமான் திடலில் பறக்கவிட வேண்டும் என்று மகன் துடித்தான். கடைக்காரர் முன்பே எச்சரித்துவிட்டார். விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. மற்ற இடங்களிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. விமானம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இவை. பொம்மைதானே என்று நினைக்க வேண்டாம். முக்கால் கிலோ எடை வேகமாக வந்து முகத்தில் மோதினால் அது பொம்மை அல்ல.

கடைக்காரரே ஓர் இடமும் சொன்னார். கோல சிலாங்கூர் பக்கம், செம்பனைக்கு நடுவே ஒரு பழைய தோட்டத் திடல். ஒரு காலத்தில் லயத்துப் பிள்ளைகள் காற்பந்து விளையாடிய இடம். குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. கோல் கம்பம் ஒன்று மட்டும் மிச்சம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு ஏழெட்டுப் பேர் வார இறுதியில் அங்கே பறக்கவிடுகிறார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. புல்லை வெட்டும் செலவை அவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள்.

புல் திடல் ஏன் தேவை என்பது விழும்போதுதான் தெரியும். தார் ரோட்டில் விழுந்தால் நுரை தேய்ந்து போகும். புல் தாங்கிக்கொள்ளும். சக்கரம் இல்லாமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. ரொம்ப உயரமான புல்லாக இருந்தால் மட்டும் விமானத்தைத் தேடி அரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.

நேரமும் முக்கியம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை காற்று அமைதியாக இருக்கும். வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று குமுறத் தொடங்கிவிடும். லேசான விமானம் அதில் ஆடும். பிற்பகலில் இடி மின்னல் வரும். அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

எட்டு விநாடி

முதல் நாள் நான்தான் ரிமோட்டை எடுத்தேன். "அம்மா மொதல்ல செஞ்சு காட்டுறேன், நீ பாரு" என்றேன். எனக்கும் தெரியாது என்பதை அந்த நேரத்தில் நினைக்கவில்லை. மகன் விமானத்தைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிவிட்டான். அது அழகாக எழும்பியது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. நான் பதறிப்போய்க் குச்சியை வலப்பக்கம் முழுக்கத் தள்ளினேன். அது அந்தப் பக்கம் சாய்ந்தது. மூக்கு கீழே இறங்கியது. உயிர் போகிற மாதிரி குச்சியைப் பின்னால் இழுத்தேன். சுழன்றுகொண்டே வந்து புல்லில் குத்தியது. மொத்தம் எட்டு விநாடி.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிள் அங்கே வருவார். அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நிதானமாக நடந்து வந்து, ஒடிந்த மூக்கை எடுத்துப் பார்த்தார்.

"கோளாறு விமானத்துல இல்லம்மா. நீங்க ரொம்பப் பாசமா ஓட்டுறீங்க" என்றார்.

பிறகு விளக்கினார். சாய்ந்த விமானம் மூக்கை இறக்கும். அப்போது குச்சியைப் பின்னால் இழுத்தால், அது மேலே ஏறாது. வட்டம்தான் இன்னும் இறுகும். புதிதாக ஓட்டுபவர்களின் விமானம் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. செய்ய வேண்டியது நேர்மாறு. குச்சியை விட்டுவிட வேண்டும். போதிய உயரம் இருந்தால், வளைந்த இறக்கை தானே நிமிரும். நிமிர்ந்த பிறகு மெதுவாக மூக்கைத் தூக்கலாம். "கையை விடுங்க. அது பறக்கத்தான் செஞ்சு வச்சிருக்கு" என்றார்.

அன்றைக்கு இன்னும் மூன்று பாடங்கள் சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கும் பயன்படும்.

ஒன்று, காற்று. கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரியும். ஏறுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிராகத்தான். இறக்கைக்குத் தரை தெரியாது, தன் மேல் ஓடும் காற்று மட்டும்தான் தெரியும். எதிர்காற்றில் வந்தால் தரையில் மெதுவாக இறங்கலாம்.

இரண்டு, உயரம். ஒரு தப்பு செய்து, அதைத் திருத்தும்போது இன்னொரு தப்பும் செய்து, அதையும் திருத்த இடம் இருக்கிற உயரத்தில் ஓட்ட வேண்டும். பயந்தவர்கள் தாழ்வாக ஓட்டுவார்கள். ஆபத்து அங்கேதான்.

மூன்று, திசை. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருக்கும். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். நாம் இடப்பக்கம் தள்ளினால் அது நம் கண்ணுக்கு வலப்பக்கம் போகும். அதற்கு அங்கிள் சொன்ன வழி: எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அதற்கு முட்டுக் கொடுப்பதுபோல் குச்சியை அந்தப் பக்கம் தள்ளு. நிமிர்ந்துவிடும்.

பேசுவதற்கு முன்பே

இந்தப் பொழுதுபோக்கு என் தொழிலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பது பிறகுதான் தெரிந்தது. 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பி எதுவும் இல்லாமல், வானொலி அலையால் ஓட்டிக் காட்டினார். வீடுகளில் மக்கள் வானொலி கேட்கத் தொடங்கியது 1920களில்தான். அதாவது, அலையில் பேச்சும் பாட்டும் வீடு தேடி வருவதற்கு முன்பே அதை வைத்துப் படகு ஓட்டிவிட்டார்கள்.

எங்கள் நிகழ்ச்சி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் உங்கள் காருக்கு வருகிறது. மகனின் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. உங்கள் வீட்டு வைஃபையும் அங்கேதான். முன்பு திடலில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ரிமோட்டைத் திறந்துவிட்டால் மேலே இருக்கும் விமானம் விழும். அதனால் யார் எந்த அலைவரிசை என்று பலகையில் கிளிப் மாட்டி வைப்பார்களாம். இப்போதைய ரிமோட் தன் விமானத்தோடு மட்டும் பேசும். பத்துப் பேர் சேர்ந்து ஓட்டலாம்.

நான் பிடுங்கியது

இங்கே என் மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குப் பேச்சு திக்கும். நான்கு வயதில் தொடங்கியது. குறிப்பாகச் சில எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் அப்படியே நின்றுவிடுவான். சொல் உள்ளே இருக்கும், வெளியே வராது. பெற்றோர் வளர்ப்பினால் இது வருவதில்லை, பிள்ளையின் அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பேச்சுச் சிகிச்சையாளர் முதல் நாளே சொன்னார். இன்னொன்றும் சொன்னார். "அவன் வாக்கியத்த நீங்க முடிக்காதீங்க. மெதுவாப் பேசுன்னும் சொல்லாதீங்க. அவன் முகத்தப் பார்த்துக் காத்திருங்க, போதும்."

கேட்டுக்கொண்டேன். செய்யவில்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் யாராவது "எந்த ஆண்டு படிக்கிறப்பா?" என்று கேட்டால், அவன் வாய் திறப்பதற்குள் "ஆண்டு ஐந்து" என்று நான் சொல்லிவிடுவேன். உணவகத்தில் அவனுக்கு வேண்டியதை நானே சொல்வேன். அவன் கஷ்டப்படக் கூடாது என்றுதான். மூன்று விநாடி மௌனத்தைத் தாங்க முடியாத தொழில் என் தொழில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை. மூக்கை ஒட்டியாகிவிட்டது. இரண்டு வாரம் கணினியில் சிமுலேட்டரில் பழகியிருந்தான் மகன். அவன்தான் ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான். திருப்பத்தில் விமானம் சாய்ந்தது. அவன் குச்சியை விட்டான். அது நிமிரத் தொடங்கியது. எனக்கு அது தெரியவில்லை. "குடு!" என்று ரிமோட்டைப் பிடுங்கினேன். அது நேராகப் போய் ஒரு செம்பனையின் கொண்டையில் மாட்டிக்கொண்டது. மட்டையெல்லாம் முள். தோட்டத்தில் குலை அறுக்கும் நீளக் கம்பை வாங்கி வந்து, அங்கிள்தான் அதைத் தட்டி இறக்கினார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பும் வழியில் காரில் மகன் எதையோ சொல்ல வந்தான். "நா… நா…" என்றான். "பயந்துட்டியா ஐயா?" என்று நானே முடித்துவைத்தேன். அவன் தலையைத் திருப்பி சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

அன்று இரவு சமையலறையில் இறக்கையை ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் இறக்கையைப் பிடித்திருந்தேன். ஒட்டுநாடா பல்லுக்கு நடுவே. அவன் வந்து எதிரே நின்றான். மறுபடியும் அதே எழுத்தில் நின்றான். என்னால் பேச முடியாது, வாயில் நாடா. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"நா… நான் காப்பாத்தியிருப்பேன்மா. நீங்க விட்டிருந்தா."

அவ்வளவுதான் சொன்னான். போய்ப் படுத்துவிட்டான்.

"லேண்டிங்!"

திடலில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தை இறக்கப் போகிறவர், எல்லாருக்கும் கேட்கும்படி "லேண்டிங்!" என்று கூவ வேண்டும். அப்போதுதான் திடலில் நிற்பவர்கள் விலகுவார்கள், மற்றவர்கள் தங்கள் விமானத்தை ஒதுக்குவார்கள். என் மகனுக்குத் தீராத எழுத்துகளில் 'ல'வும் ஒன்று. அதனால் அவன் ஓட்டினாலும் கூவுவது நான்தான். என் குரல் நன்றாகக் கேட்கும், அதற்குத்தானே சம்பளம்.

அந்த இரவுக்கு அடுத்த சனிக்கிழமை, நான் நான்கு அடி தள்ளி நின்றேன். அங்கிள் எப்போதும் செய்வதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அப்படி நிற்பது வயசினால் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் காரணம் புரிந்தது.

ஆறாவது நிமிடம் கைப்பேசியில் மணி அடித்தது. பேட்டரியில் இன்னும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மின்சாரம் இருக்கும். இறக்கும் நேரம். மகன் வாய் திறந்தான். சொல் வரவில்லை. என் தொண்டை வரை வந்துவிட்டது அந்தச் சொல். அங்கிள் என்னைப் பார்க்காமலேயே, "வானத்துல இடம் இருக்கு. இன்னொரு சுத்து போய்யா" என்று மட்டும் அவனிடம் சொன்னார்.

அவன் ஒரு சுற்றுப் போனான். விமானம் செம்பனைக்கு மேலே போய், காற்றுக்கு எதிராகத் திரும்பியது. மறுபடி முயன்றான். வரவில்லை. இன்னொரு சுற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. தன் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அண்ணன் கை வேலையை நிறுத்திவிட்டு நின்றார். மூன்றாவது சுற்றில் "ல… ல… லேண்டிங்!" என்று திடல் முழுக்கக் கேட்டது. திடலில் இருந்தவர்கள் விலகினார்கள், வழக்கம்போல. யாரும் கைதட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. இறங்கப் போகிறேன் என்று ஒருவன் சொன்னான், அவர்கள் வழிவிட்டார்கள்.

விமானம் கொஞ்சம் குதித்துத்தான் இறங்கியது. மூக்கு தப்பியது.

இன்றும் அவனுக்குத் திக்குகிறது. விமானம் ஓட்டினால் திக்கல் போய்விடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், சிகிச்சை தொடர்கிறது. மாறியது நான். உணவகத்தில் இப்போது அவன்தான் சொல்கிறான், "தே ஓ ஐஸ் ஒண்ணு" என்று. சில நாள் நேரமாகும். பணியாளர் என்னைப் பார்ப்பார். நான் மகனைப் பார்ப்பேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால்

முதல் விமானம் போர் விமானம்போல் இருக்க வேண்டாம். இறக்கை மேலே இருக்கும் பயிற்சி விமானமே போதும். தானாக நிமிர்த்தும் மின்னணுக் கருவி உள்ளவையும் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அது உதவும்.

ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன் குச்சியை அசைத்து, வாலும் இறக்கையும் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பாருங்கள். முதலில் ரிமோட்டைத் திறந்து, பிறகு விமானத்தில் பேட்டரியைச் சொருகுங்கள். எடுக்கும்போது முதலில் பேட்டரி, கடைசியில் ரிமோட். பேட்டரி சொருகிய பிறகு காற்றாடிக்கு முன்னால் கை வைக்கவே கூடாது.

லித்தியம் பாலிமர் பேட்டரியை மதியுங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள். திரைச்சீலை, மெத்தை அருகில் வேண்டாம். சிமெண்ட் அல்லது ஓடு பதித்த தரை நல்லது. உப்பிப் போனதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் பசியாறப் போகாதீர்கள். முழுக்கத் தீரும் வரை ஓட்டினால் பேட்டரி கெட்டுவிடும், அதற்குத்தான் கைப்பேசி மணி. மோட்டார் நின்றுபோனாலும் பதற வேண்டாம். பெரும்பாலான விமானங்களில் வாலுக்கும் இறக்கைக்கும் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் வைத்திருப்பார்கள்; மிதந்தே இறங்கலாம்.

உடையும். நிச்சயம் உடையும். எபாக்ஸி, ஒட்டுநாடா, ஒரு கத்தி, இவை பையில் இருக்கட்டும். சாதாரண சூப்பர் குளூ சில வகை நுரையைக் கரைத்துவிடும், முதலில் ஓரத்தில் தடவிப் பாருங்கள். எங்கள் விமானத்தின் நுரையில் நசுங்கிய இடத்தில் வெந்நீர் ஊற்றினால் பாதி மேடு திரும்பி வந்துவிடுகிறது. எங்கள் விமானத்தில் இப்போது நுரையைவிடப் பசை அதிகம் என்று நினைக்கிறேன். ஆனாலும் பறக்கிறது.

இதை எழுதலாமா என்று மகனிடம் முன்பே கேட்டேன். எழுதியதும் படிக்கக் கொடுத்தேன். திக்குவதைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஓர் இடத்தில் மட்டும் விரல் வைத்தான். முதல் பறப்பு பதினைந்து விநாடி என்று எழுதியிருந்தேன்.

வாய் திறந்தான். நான் காத்திருந்தேன்.

"எ… எட்டு விநாடிதாம்மா."

திருத்திவிட்டேன்.